பக்கத்துக்கு 2 ரூபாயா?



நம்ம கம்ப்யூட்டர் லேப்ல இனிமே பிரிண்ட் எடுக்க பக்கத்துக்கு 2 ரூபாய் வாங்கலாமான்னு ஒரு பேச்சு நடக்குது. காரணம் நியாயமானதுதான். "ஓசின்னா எனக்கு ஒண்ணு, எங்கப்பாவுக்கு ஒண்ணு" என்கிற மாதிரி, சினிமா நடிகர் படத்தையெல்லாம் கலர்ல எடுத்துத் தள்ளினோம். கடைசியில் மை தீர்ந்துபோய், பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்தவங்க வெறும் கையோடு திரும்பினாங்க. தப்பு நம்முடையதுதான்.

ஆனால் காசு வாங்குவது சரியான வழியா?

ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பங்குபோட்ட காலத்திலேயே இந்தக் கேள்வி இருந்தது. அமெரிக்காவில் லேக்சைடு பள்ளிக்கு 1968-ல் ஒரு டெலிடைப் இயந்திரம் வந்தது. டெலிபோன் வழியாக, தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரோடு இணைப்பு. பயன்படுத்தும் நேரத்துக்குக் கட்டணம்! மாணவர்களின் அம்மாக்கள் பழைய பொருட்களை விற்றுப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அதைச் சீக்கிரமே தீர்த்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் பில் கேட்ஸ். அவருக்குப் பணம் சேர்த்துக் கொடுக்க ஆள் இருந்தது. இல்லாதவன் என்ன செய்வான்?

அதே நாட்டில் டார்ட்மவுத் கல்லூரியில் வேறு மாதிரி யோசித்தார்கள். 1964-ல் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள், பல பேர் ஒரே நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரைப் பயன்படுத்த வழி செய்தார்கள். பேசிக் மொழி பிறந்ததும் அங்கேதான். நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல, மாணவர்கள் காசில்லாமல் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

2 ரூபாய் சின்னத் தொகைதானே என்பீர்கள். காசு உள்ளவன் 20 ரூபாய் கொடுத்து நடிகர் படம் எடுத்துட்டுப் போவான். இல்லாதவன் பிராஜெக்டையே கையால எழுதிடுவான், வாய் திறந்து சொல்லமாட்டான். அப்படி ஒதுங்கிக்கிறவங்க யார் யாருன்னு என் வகுப்பிலேயே எனக்குத் தெரியும். அப்போ வீண்செலவு நிற்காது, தேவைதான் நிற்கும்.

என் யோசனை இது: ஆளுக்கு மாதம் 10 பக்கம். கலர் பிரிண்டுக்கு ஆசிரியர் கையெழுத்து வேண்டும். கூடுதலாகத் தேவைப்பட்டால் காரணம் சொல்லிக் கேட்கலாம். யார் எத்தனை பக்கம் எடுத்தார் என்று லேப் கதவிலேயே மாதாமாதம் ஒட்டணும். பேருக்கு நேரா 40-ன்னு இருந்தா நமக்கே வெட்கமா இருக்காதா?

கணக்கு வையுங்கள், கட்டணம் வேண்டாம். சிந்திப்பீர்!

– 11-ஆம் வகுப்பு மாணவி