வண்டிக்கு மூக்கு மாத்துறவங்களுக்கு

குளம் வற்ற ஆரம்பித்தால் எங்கள் ஊருக்கு இரண்டு கூட்டம் வரும். ஒண்ணு கொக்கு, மீன் பொறுக்க. இன்னொண்ணு கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கமிருந்து ஜீப்காரர்கள், வண்டி ஓட்டிப் பழக. வரட்டும், குளம் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை. வரப்பை மிதிக்காமல் போனால் சரி.

என் சண்டை வேறு. வந்து நிறுத்தியதும் பானெட்டைத் தூக்கிக் காட்டுகிறார்கள் பாருங்கள், அதைப் பற்றி. கம்பெனி கொடுத்த கறுப்பு டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் சிவப்பாக ஒரு கூம்பு. 'கோன் ஃபில்டர்ங்க, ஃப்ரீ ஃப்ளோ, வண்டி நல்லா மூச்சு விடும்' என்கிறார்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால் உஸ்ஸுன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் காசு என்பது என் கட்சி. வழவழப்பான ரோட்டில் ஓட்டுகிறவர் அந்தச் சத்தத்தை வாங்கிக்கொள்ளட்டும், அவர் பணம். மண்ணில் ஓட்டப் போகிற வண்டிக்கு அதை மாட்டுவது, பருத்திப்பால் வடிகட்டுகிற துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு சல்லடையில் ஊற்றுகிற வேலை.

கணக்குப் போட்டே பார்ப்போம். 2.2 லிட்டர் டீசல் இன்ஜின் 3000 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை 2.2 லிட்டர் காற்றை இழுக்கும். நிமிஷத்துக்கு 3300 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருத்தர் நிமிஷத்துக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் மூச்சு இழுக்கிறார். அப்போ பானெட்டுக்குள்ளே நானூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சு விடுகிறார்கள். டர்போ அழுத்திக் கொடுக்கும்போது இன்னும் அதிகம். நானூறு பேரையும் எங்கள் செம்மண் காட்டில், ஆடிக் காத்தில், முன்னால் ஒரு வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போகும்போது நிறுத்தி, 'முகத்துல துண்டு கட்டாதீங்க, ஃப்ரீ ஃப்ளோ' என்று சொல்வீர்களா?

மண் என்றால் என்ன என்று நகரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் எடுத்தால் மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் அதில் இருப்பது பாதி பளிங்குக்கல் பொடி, குவார்ட்ஸ். கத்தி இரும்பையே கீறக்கூடிய சாதி அது. கண்ணுக்குத் தெரிகிற மணல் அவ்வளவு ஆபத்தில்லை, எந்த ஃபில்டரும் அதைப் பிடித்துவிடும். கெடுப்பது 5 மைக்ரானிலிருந்து 20 மைக்ரான் வரை இருக்கும் பொடி. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் இருக்கிற ஆயில் படலத்தில் இந்தப் பொடி கலந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். அதற்கு முன்பே டர்போ இருக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சக்கரம், அதன் இதழ் நுனியை இந்தப் பொடி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

விற்கிறவர் சொல்வார், 'எங்க ஃபில்டரும் 97 சதவீதம் பிடிக்கும், கம்பெனி பேப்பர் 99, ரெண்டுதானே வித்தியாசம்?' அங்கேதான் ஏமாற்று. பிடித்ததை எண்ணாதீர்கள், விட்டதை எண்ணுங்கள். 100 கிராம் புழுதி வந்தால் ஒருத்தர் ஒரு கிராம் உள்ளே விடுகிறார், இன்னொருத்தர் மூணு கிராம். மூணு மடங்கு. பால் சொசைட்டியில் டிகிரி பார்த்துக் காசு வாங்கிப் பழகின எங்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். ஏர் ஃபில்டரைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு முறை இருக்கிறது. அந்தச் சோதனைத் தாளைக் கொடுங்கள் என்று கடையில் கேட்டுப் பாருங்கள். குதிரைத்திறன் தாள் கொடுப்பார்கள்.

அந்தக் குதிரைத்திறனும் பெரும்பாலும் கதைதான். இப்போதைய டர்போ டீசலில் எவ்வளவு காற்று அழுத்த வேண்டும், எவ்வளவு டீசல் அடிக்க வேண்டும் என்பதை ஈசியூ தீர்மானிக்கிறது. கம்பெனி டப்பாவே தேவையான காற்றை விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. போதாததற்கு, டப்பா வெளிக்காற்றை இழுக்கும்படி குழாய் வைத்திருப்பார்கள். திறந்த கூம்போ ரேடியேட்டர் பின்னால் கொதிக்கிற காற்றை இழுக்கும். சூட்டுக் காத்து லேசு, அதில் உயிர்க்காற்று கம்மி. எண்ணெய் தடவுகிற பருத்தி ஃபில்டராக இருந்து, கழுவின பிறகு எண்ணெயைக் கூடுதலாக ஊற்றிவிட்டால், அது பறந்து போய் காற்றை அளக்கிற சென்சார் கம்பியில் ஒட்டும். அது தப்புக் கணக்குச் சொல்லும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும்.

எங்களிடம் வந்து ஏர் கிளீனர் பாடம் எடுப்பதில் எனக்கு ஒரு சிரிப்பு உண்டு. பழைய டிராக்டரில் ஆயில் பாத் இருக்கும். காற்று நடுக்குழாய் வழியாக இறங்கி, அடிக்கிண்ணத்து எண்ணெயில் சட்டென்று திரும்பும். மண் திரும்ப முடியாமல் எண்ணெயில் விழும், மிச்சத்தைக் கம்பிவலை பிடிக்கும். உலகப்போர் கால வில்லிஸ் ஜீப்பிலும் இதே ஆயில் பாத்துதான். வெயில் காலத்தில் ரோட்டாவேட்டர் போட்டால் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்கணும், அடியில் சேறு மாதிரி நிற்கும். புது டிராக்டரில் பேப்பர் ஃபில்டர், அதுவும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. உள்ளே இருப்பதைக் காத்தடிக்கவே கூடாது, மாத்தத்தான் வேணும். நாள் முழுக்கப் புழுதியிலேயே கிடக்கிற வண்டிக்குக் கூம்பு வைக்க எந்த டிராக்டர் கம்பெனிக்கும் தோணலை என்பதை யோசியுங்கள்.

இவ்வளவு கோபம் ஏன் என்றால், எங்க பங்காளி மகன் ஒருத்தன். பழைய டீசல் ஜீப் ஒன்று வைத்துக்கொண்டு தோப்பு தோப்பாகத் தேங்காய் வெட்டுகிற ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. உங்கள் ஆட்கள் போடுகிற வீடியோ பார்த்து, டவுனில் ஒரு கடையில் கூம்பு மாட்டிக்கொண்டு வந்தான். 'பெரிப்பா, சவுண்டைக் கேளுங்க' என்றான். 'கண்ணு, உனக்கு சவுண்டு எதுக்கு, நீ ஏத்துறது தேங்கா வெட்டுற ஆளுகளை' என்றேன். கேட்கவில்லை. ரெண்டு கோடைதான். ஆயில் குடிக்க ஆரம்பித்தது, பின்னால் நீலப்புகை, ஆயில் மூடியைத் திறந்தால் இட்லிக் குண்டான் மாதிரி ஆவி. பட்டறையில் இன்ஜினை இறக்கிப் பார்த்தால் லைனரில் நகத்தில் தட்டுப்படுகிற அளவு கோடு. வேலை முடிய லட்சத்தைத் தாண்டியது. அவன் அம்மாவின் வளையல் இன்னும் கூட்டுறவு வங்கியில்தான் இருக்கிறது. உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை வண்டி, கெட்டால் பஸ்ஸில் ஆபீஸ் போவீர்கள். அவன் அந்த ரெண்டு மாசமும் கூலிக்குப் போனான்.

ஸ்நார்கெல் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். அதை நான் ஒரேயடியாகத் திட்ட மாட்டேன். காற்று இழுக்கிற வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகிறது, வரிசையாகப் போகும்போது மேலே புழுதி கம்மி. அது உண்மையான லாபம். ஆனால் வாங்குகிற பாதிப் பேர் அதைத் தண்ணீருக்கென்றே வாங்குகிறார்கள், குழாயை வைத்துவிட்டு டப்பாவை அடைப்பதில்லை. பெரும்பாலான டப்பாக்களின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கும். டப்பா முங்கினால் அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறும். நாலு சிலிண்டர் 2.2 லிட்டர் என்றால் சிலிண்டருக்கு 550 சிசி. அமுக்கு விகிதம் 16க்கு 1 என்றால் பிஸ்டன் மேலே வரும்போது மிச்சம் இருக்கிற இடம் 37 மில்லி. அவ்வளவு தண்ணீர் போதும், அரை டீ கிளாஸ் கூட வேண்டாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். தார் வண்டிக்கு மகிந்திரா சொல்கிற ஆழம் 650 மில்லிமீட்டர், ரெண்டடிக்குச் சற்று மேல். குழாய் வைத்துவிட்டதால் அது நாலடி ஆகிவிடாது. ஒயரிங் எல்லாம் அதே உயரத்தில்தானே இருக்கு? எங்க குளத்தில் வண்டல் எடுத்த குழி எங்கே இருக்குன்னு எங்களுக்கே மழை பெய்தால் தெரியாது.

கூம்புக்கு வைத்திருக்கிற காசில் நாலைந்து கம்பெனி ஃபில்டர் வாங்கலாம். மண்ணுக்குள் போய்வந்தால் திறந்து பாருங்கள், கெட்டியாக அடைத்திருந்தால் மாற்றுங்கள். பங்க்ச்சர் கடை கம்ப்ரஸரை வைத்து முழு அழுத்தத்தில் காத்தடிக்காதீர்கள், பேப்பரில் ஊசி ஓட்டை விழும். ராத்திரியில் உள்ளே டார்ச் விட்டுப் பார்த்தால் தெரியும். ஃபில்டர் தாண்டின குழாயின் உள்பக்கம் வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள், செம்மண் ஒட்டினால் கிளாம்ப் எங்கேயோ லூஸு.

வீடியோ போடுகிறவர்களிடம் மட்டும் ஒண்ணு கேட்கிறேன். மாட்டுகிற அன்றைக்கு உஸ்ஸுன்னு சத்தம் காட்டினீர்கள். அதே வண்டியை ரெண்டு கோடை எங்க மண்ணில் ஓட்டிட்டு, ஆயில் மூடியைத் திறந்து வைத்து இன்னொண்ணு எடுங்கள். ஊர்ப் பையன்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து அதை நானே போட்டுக் காட்டுகிறேன்.