முதலில் திருந்திவிட்டுத்தான் பயிற்சிக்குப் போக வேண்டுமா?

சுவிசில் உள்ள எமது விளையாட்டுக் கழகங்கள் பலவற்றில் நிலைமை ஒன்றுதான். பிள்ளைகள் இருக்கிறார்கள், மண்டபமும் கிடைக்கிறது, பயிற்றுவிக்கத்தான் ஆள் இல்லை. வருடக்கணக்காக அதே இரண்டு மூன்று பேர் இழுத்துக்கொண்டு போகிறார்கள். "நீங்களும் பயிற்றுவிப்பாளர் பயிற்சிக்குப் போகலாமே" என்று பெற்றோரிடம் கேட்டால் வருகிற மறுமொழிகள் எமக்கு மனப்பாடம். "என்ரை டொச் காணாது டொக்டர்." "நானே சிகரெட் பிடிக்கிறன், நான் போய்ப் பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்லுறது?" "இந்த வண்டியோடை ஓடிக் காட்டினால் பிள்ளையள் சிரிப்பினம்." கடைசியில் எல்லாம் "முதல்ல நான் திருந்த வேணும், பிறகு பாப்பம்" என்று முடியும்.

இந்தப் பேச்சில் அடக்கமும் நேர்மையும் இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே எமது கருத்து.

உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்றில், 'இது என்னால் முடியும்' என்ற நம்பிக்கை மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார். பிறர் செய்வதைப் பார்ப்பதால் வரும். பிறர் ஊக்கப்படுத்துவதால் வரும். பதற்றம் குறையும்போது வரும். இவை எல்லாவற்றையும்விட வலிமையானது, தானே ஒரு தடவை செய்து பார்த்து அது சரிவருவதுதான். அப்படியானால் வீட்டில் இருந்தபடி நம்பிக்கை வரட்டும் என்று காத்திருப்பவருக்கு அது எந்த வழியால் வரும்? அடுத்த ஆண்டு, 1978இல், குளான்ஸ், ஐம்ஸ் என்ற இரு பெண் உளவியலாளர்கள் படிப்பிலும் தொழிலிலும் சாதித்த பெண்களிடமே 'எனக்கு உண்மையில் தகுதி இல்லை, ஒருநாள் பிடிபட்டுவிடுவேன்' என்ற பயம் இருப்பதை விவரித்தார்கள். ஆகவே சந்தேகம் வருவதைத் தகுதியின்மைக்குச் சாட்சியாக எடுக்கத் தேவையில்லை.

இந்த நாட்டில் பயிற்றுவிப்பாளராவதற்கான வாசல் 'யூகெண்ட் உண்ட் ஸ்போர்ட்' என்ற கூட்டாட்சித் திட்டம். அது தொடங்கியது 1972இல். அதற்கு முன்னர் இருந்தது ஆண்பிள்ளைகளை இராணுவ சேவைக்குத் தயார்ப்படுத்தும் உடற்பயிற்சி ஏற்பாடு. 1972இல்தான் பெண்பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். இன்று 5 வயது முதல் 20 வயது வரையானவர்களுக்கு இத்திட்டம் உண்டு. பயிற்சி பொதுவாக ஐந்து அல்லது ஆறு நாட்கள். 18 வயதானால் போகலாம். சுவிசில் வதியும் வெளிநாட்டவருக்கும் இடமுண்டு. ஒரு சிறு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுவோம். இத்திட்டத்தில் 'கோச்' என்றால் கழகத்தின் சார்பில் பதிவு வேலைகளைப் பார்ப்பவர். மைதானத்தில் பிள்ளைகளோடு நிற்பவருக்குப் பெயர் 'லைற்றர்'. எங்கள் ஆட்கள் இரண்டையும் கோச் என்றே சொல்லிவிடுவார்கள்.

சிறுவர் பிரிவில் ஓடி, பாய்ந்து, எறிந்து, பிடித்து விளையாடுவதே பாடம். அதற்கு வீராதிவீரராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சியில் சக பங்குபற்றுநர்களையே பிள்ளைகளாக வைத்து ஒரு சிறு பாடம் நடத்தச் சொல்வார்கள். டொச் தடுமாறும்தான். ஆனால் பந்தைக் கையில் எடுத்துச் செய்து காட்டுபவருக்கு நீண்ட வசனங்கள் தேவைப்படுவதில்லை. பண்டூரா சொன்ன அந்த முதல் தடவை இங்கேதான் கிடைக்கிறது.

இனி பழக்கங்களுக்கு வருவோம். உணவகங்களில் வேலை செய்த எம்மவர்களுக்கு 'சிம்மர்ஸ்ருண்ட' தெரியும். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையே வீட்டுக்கும் போகமுடியாத, ஓய்வும் எடுக்கமுடியாத அந்த இரண்டு மூன்று மணித்தியாலம். பலருக்குச் சிகரெட் பழகியதும், கண்டபாட்டுக்குச் சாப்பிடப் பழகியதும் அந்த நேரத்தில்தான். இதை ஒழுக்கக் குறைவு என்று பார்ப்பதை நாம் ஏற்பதில்லை. ஒரு பழக்கம் ஒரு நேரத்தோடும் இடத்தோடும் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு பழக்கத்தையும் அப்படியே ஒட்டவைக்கலாம். இலண்டன் யுனிவர்சிட்டி கொலிஜ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 96 பேரிடம் நாளாந்தம் ஒரே சந்தர்ப்பத்தில் ஒரு புதிய செயலைச் செய்யச் சொல்லிக் கவனித்தார்கள். அது தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாட்கள் எடுத்தன. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை. ஒரு நாள் தவறினால் "எல்லாம் போச்சு" என்று கைவிடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

வாரத்தில் இரண்டு மாலை பிள்ளைகள் உங்களுக்காக மண்டப வாசலில் நிற்கிறார்கள் என்றால், அதைவிட உறுதியான நேரக்கட்டு எது? தெற்காசிய உடல்வாகுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே நீரிழிவு, இருதய நோய் ஆபத்து கூடுகிறது. வளர்ந்தோருக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலசைவு குறைந்தபட்சத் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளோடு சேர்ந்து அசைபவருக்கு அதில் பெரும்பங்கு தானாகவே வந்துவிடும். நடக்கும்போது நெஞ்சு இறுகுபவர்களும், இன்சுலின் போடுபவர்களும் முதலில் தமது வைத்தியரோடு கதைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். சிகரெட்டைப் பொறுத்தவரை, நிறுத்திய முதல் வாரம்தான் கடினம். ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் வெற்றி வாய்ப்புக் கூடும். மன உறுதியை மட்டும் நம்பி நிற்கத் தேவையில்லை.

ஆனால் சிகரெட்டையும் வண்டியையும்விட எமக்குக் கவலை தரும் பழக்கம் வேறு. அது நாவில் இருக்கிறது. எங்களில் அநேகர் பிரம்புக்குப் பயந்து படித்தவர்கள். மைதானத்தில் நின்றதும் அந்த ஆசிரியரின் குரலே எங்கள் வாயிலும் வருகிறது. "எருமை", "குண்டு", "உன்னாலை ஏலாது". இது எங்களுக்கு மட்டுமான வியாதி அல்ல. பீல் நகருக்கு மேலே மலையில் இருக்கும் மாக்லிங்கன், இந்த நாட்டு விளையாட்டுக் கல்வியின் தலைமையிடம். அங்கே பயிற்சி பெற்ற எட்டு ஜிம்னாஸ்ரிக் வீராங்கனைகள், உடல் எடை பற்றிய அவமதிப்பும் மிரட்டலும் நிறைந்த பயிற்சிச் சூழலைப் பற்றி 2020 ஒக்டோபரில் 'டாஸ் மகசின்' சஞ்சிகைக்குச் சொன்னபோது நாடே அதிர்ந்தது. 2022 ஜனவரி முதல் இத்தகைய முறைப்பாடுகளை ஏற்க 'சுவிஸ் ஸ்போர்ட் இன்ரெக்ரிற்றி' என்ற சுயாதீன அமைப்பு இயங்குகிறது.

கத்துகிறவரைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பாலும் உள்ளே பயந்துபோய் நிற்பவராகத்தான் இருப்பார். அடுத்து என்ன செய்விப்பது என்று தெரியாதபோது குரல் உயர்கிறது. பாடத்திட்டம் ஒன்றைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தவருக்குக் கத்தும் தேவை குறைவு. பயிற்சி கற்றுத்தரும் மிகப் பயனுள்ள சங்கதி இதுவென்றே நாம் கருதுகிறோம். அது வீட்டிலும் உதவும்.

எமது சங்கங்களிடம் ஒன்று கேட்கிறோம். சுற்றுப்போட்டிக் கிண்ணங்களுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். குறிப்பாகத் தாய்மாரை அனுப்புங்கள். பெண்பிள்ளைகள் பதின்ம வயதில் மைதானத்தை விட்டுப் போவதைத் தடுக்க, அங்கே நிற்கும் ஒரு பெண் பெரிதும் உதவுவார். பயிற்சி நாட்களுக்கு வருமான இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கொடுப்பனவு உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. 30 வயது நிறையாத தொழிலாளர் இளையோர் பணிக்காக வருடத்தில் ஒரு வாரம் சம்பளமற்ற விடுப்புக் கேட்கலாம். அங்கீகாரம் காலாவதியாகாமல் இருக்க இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மீள்பயிற்சி எடுக்க வேண்டும்.

விண்ணப்பம் கழகத்தின் 'கோச்' வழியாகவே போகவேண்டும். உங்கள் கழகத்தில் அவர் யார் என்று இந்தக் கிழமையே விசாரியுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால், அந்த வேலைக்கும் ஆள் தேவை.