பிராக்டிக்கலில் சென்டம்... ரெக்கார்டில் அரியர்!

செமஸ்டர் ஜுரம் எப்படி இருக்கு? எனக்கு லேப் ரெக்கார்டு பாதிதான் முடிஞ்சிருக்கு. மீதிப் பாதி, பக்கத்து ரூமில் வேற ஒருத்தன் கையெழுத்தில் பத்திரமா இருக்கு. நைட்டோட நைட்டா அதைப் பார்த்து எழுதியாகணும். இந்த வாரப் பஞ்சாயத்தும் கிட்டத்தட்ட அதே மேட்டர்தான். ஆனா, கூண்டில் நிற்கிறது நான் இல்லை... லெட் ஸெப்லின்! (கடைசியில் நானும் ஏறுவேன், வெயிட் பண்ணுங்க.)

ஆரம்பித்து வைத்தது எங்கள் ஹாஸ்டலின் ஃபைனல் இயர் அண்ணா ஒருவர். அவர் ரூம் கதவில், சாமி படம் இருக்கவேண்டிய இடத்தில் ஜிம்மி பேஜ் கிடாரோடு நிற்பார். 'உலகத்துலயே பெஸ்ட் ராக் பேண்ட் இவங்கதான்டா' என்று மெஸ்ஸில் அவர் சொல்ல, 'பாதிப் பாட்டு சுட்டதுண்ணா' என்று என் கிளாஸ்மேட் ஒருவன் எண்ணெய் ஊற்ற, சப்பாத்தி ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை. கடைசியில் ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பி, 'நீதான் பத்திரிகையில எழுதுறியே... நீயே தீர்ப்பு சொல்லு' என்றார்கள்.

'பிடிக்கும்', 'பிடிக்காது' என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது இல்லையா? ரெண்டு வாரம் உட்கார்ந்து பாட்டையும் கேட்டேன், கேஸ் கட்டையும் படித்தேன்.

யார் இவங்க?

தெரியாதவர்களுக்கு ஒரு குட்டி அறிமுகம். இங்கிலாந்து, 1968. 'யார்ட்பேர்ட்ஸ்' என்ற பேண்ட் உடைந்துபோக, அதன் கிடாரிஸ்ட் ஜிம்மி பேஜ் புதுசாக ஒரு டீம் சேர்த்தார். பாட ராபர்ட் பிளான்ட். டிரம்ஸுக்கு ஜான் பான்ஹாம். பேஸ் கிடார், கீபோர்டு ரெண்டுக்கும் ஜான் பால் ஜோன்ஸ். முதல் ஆல்பத்தைச் சுமார் 36 மணி நேர ஸ்டுடியோ டைமில் முடித்துவிட்டார்கள். 1969 ஜனவரியில் அது வெளிவந்தபோது 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை கழுவி ஊற்றியது. ரசிகர்கள் அதைக் கண்டுக்கவே இல்லை, க்யூவில் நின்று வாங்கினார்கள்.

1971-ல் நாலாவது ஆல்பம். அட்டையில் பேண்ட் பேரும் இல்லை, ஆல்பம் பேரும் இல்லை. அமெரிக்காவில் மட்டும் 2 கோடிக்கு மேல் போனதாக சர்ட்டிஃபிகேட் வாங்கியிருக்கிறது! 1980 செப்டம்பர் 25-ல் பான்ஹாம் இறந்தார். வயசு 32. வேற டிரம்மரைத் தேடாமல், அந்த டிசம்பரிலேயே கடையை மூடிவிட்டார்கள். 2007 டிசம்பரில் லண்டனில் ஒரே ஒரு நாள், பான்ஹாமின் மகன் ஜேசன் டிரம்ஸில் உட்கார, முழுக் கச்சேரி ஒன்று நடத்தினார்கள். அவ்வளவுதான் கதை.

பிராக்டிக்கல் எப்படி?

முதலில் அண்ணா கட்சிக்குப் பேசுகிறேன். நீங்கள் எந்த டிபார்ட்மென்ட்டாக இருந்தாலும் இன்றைக்கு ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு 'வென் தி லெவி பிரேக்ஸ்' கேளுங்கள். முதல் சில செகண்ட் வெறும் டிரம்ஸ். பூமி நடந்து வருகிற மாதிரி ஒரு சத்தம்.

அதை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய வீடு. பான்ஹாமின் டிரம்ஸை மாடிப்படிக்குக் கீழே ஹாலில் போட்டார்கள். இன்ஜினீயர் ஆண்டி ஜான்ஸ், படிக்கட்டுக்கு மேலே உயரத்தில் ரெண்டு மைக்கைத் தொங்கவிட்டார். அன்றைக்குப் பொதுவாக மைக்கை டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைப்பதுதான் வழக்கம். இவர்கள் தள்ளி வைத்தார்கள். அதனால் டிரம்ஸோடு சேர்ந்து அந்த வீடே ரெக்கார்டு ஆனது! பதினைந்து வருஷம் கழித்து, 1986-ல் பீஸ்டி பாய்ஸ் அந்த டிரம்ஸை அப்படியே எடுத்துத் தங்கள் ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு அஸ்திவாரமாகப் போட்டார்கள். அதற்குப் பிறகு ஹிப்-ஹாப் ஆட்கள் எத்தனை பேர் அந்தச் சத்தத்தைத் தொட்டார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

அடுத்து, 1975-ல் வந்த 'கஷ்மீர்'. டிரம்ஸ் நாலு நாலாக எண்ணுகிறது. கிடார் மூணு மூணாக எண்ணுகிறது. ரெண்டும் பன்னிரண்டில் சந்திக்கின்றன. ஆறாம் வகுப்பில் படித்த எல்.சி.எம். இவ்வளவு அழகாக இருக்கும் என்று எந்தக் கணக்கு டீச்சரும் நமக்குச் சொல்லவில்லை. (இதில் காமெடி, பாட்டு எழுதும்போது பிளான்ட் கஷ்மீரைப் பார்த்ததே இல்லை. வரிகள் தோன்றியது 1973-ல் மொராக்கோ பாலைவன ரோட்டில் கார் ஓட்டும்போது!)

ஆக, வாசிப்பிலும் சத்தத்தைச் செதுக்கியதிலும் கை வைக்கவே முடியாது. பிராக்டிக்கலில் சென்டம்.

ரெக்கார்டைக் காட்டு!

இப்போது என் கிளாஸ்மேட் கட்சி. இங்கேதான் அண்ணா முகம் சுருங்கியது.

அமெரிக்காவின் சிகாகோவில் வில்லி டிக்ஸன் என்று ஒரு மனிதர். மிசிசிபியில் பிறந்த கறுப்பினத்தவர், முன்னாள் பாக்ஸர். மடி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப் மாதிரி ப்ளூஸ் ஜாம்பவான்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். லெட் ஸெப்லின் முதல் ஆல்பத்தில் இவர் பாட்டு ரெண்டு இருக்கிறது. ரெண்டுக்கும் ஒழுங்காக இவர் பேரைப் போட்டிருக்கிறார்கள். சபாஷ்!

அதே 1969-ல் ரெண்டாவது ஆல்பம். முதல் பாட்டு 'ஹோல் லாட்டா லவ்', அவர்களின் மெகா ஹிட். அதன் வரிகளில் பெரும் பகுதி, 1962-ல் மடி வாட்டர்ஸ் பாடிய 'யூ நீட் லவ்' பாட்டிலிருந்து வந்தது. எழுதியவர்? சாட்சாத் வில்லி டிக்ஸன். ஆனால், ஆல்பத்தில் அந்தப் பேர் இல்லை. நாலு பேண்ட் மெம்பர்களின் பேர்தான் இருந்தது. அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'பிரிங் இட் ஆன் ஹோம்' தொடங்குவதும் முடிவதும் டிக்ஸன் பாட்டில்தான். அதிலும் அவர் பேர் இல்லை. நடுவில் வரும் 'தி லெமன் ஸாங்', ஹவ்லின் வுல்ஃபின் 'கில்லிங் ஃப்ளோர்'. அங்கேயும் அதே கதை.

என்னை உறுத்தியது இதுதான். டிக்ஸன் யாரென்றே தெரியாது என்று இவர்களால் சொல்ல முடியாது. ஜனவரியில் பேர் போடத் தெரிந்தவர்களுக்கு அக்டோபரில் எப்படி மறக்கும்?

'பேர்தானே, போனால் போகுது' என்கிறீர்களா? பாட்டு உலகத்தில் பேர்தான் பாஸ் சம்பளம். ஒரு ரெக்கார்டு விற்றால் வாசித்தவருக்கு ஒரு பங்கு, எழுதினவருக்கு ஒரு பங்கு. எழுதினவர் என்று லேபிளில் யார் பேர் இருக்கிறதோ, அவர் வீட்டுக்குத்தான் மணியார்டர் போகும். டிக்ஸன் கேஸ் போட்டது 1985-ல். சமரசம் ஆனது 1987-ல். பாட்டு வந்து 18 வருஷம்! அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. 1992-ல் இறந்துபோனார்.

லிஸ்ட் இன்னும் இருக்கிறது. முதல் ஆல்பத்தின் 'டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு' பாட்டை 1967-லேயே ஜேக் ஹோம்ஸ் என்ற பாடகர் அதே தலைப்பில் வெளியிட்டிருந்தார். அவர் 2010-ல் கேஸ் போட, அதன்பின் 2012-ல் வந்த 'செலிப்ரேஷன் டே' ஆல்பத்தில்தான் 'ஜேக் ஹோம்ஸின் தாக்கத்தில்' என்று அச்சானது.

டிஃபன்ஸ் தரப்பு

அவசரப்பட்டுத் தூக்கில் போட்டுவிடக் கூடாது. அண்ணாவும் சும்மா விடவில்லை. 'ப்ளூஸ்னாலே ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் எடுத்துப் பாடுறதுதான்டா' என்றார். உண்மைதான். ப்ளூஸில் வரிகளும் மெட்டும் ஊர் ஊராகச் சுற்றும். யாரோ பாடியதில் இன்னொருவர் நாலு வரி சேர்ப்பார்.

சில கேஸில் பேண்ட் மேல் முழுத் தப்பும் கிடையாது. 'பேப் ஐ'ம் கான்னா லீவ் யூ' பாட்டை எழுதியது ஆன் பிரெடன் என்ற அமெரிக்கப் பெண். ஜோன் பாயஸ் 1962-ல் அதைப் பாடினார். பாயஸின் ரெக்கார்டிலேயே அதை நாட்டுப்புறப் பாட்டு என்றுதான் முதலில் போட்டிருந்தார்கள். அதைக் கேட்டுத்தான் பேஜும் பிளான்ட்டும் எடுத்தார்கள். விஷயம் தெரிந்த பிறகு 1990-லிருந்து பிரெடன் பேரும் சேர்ந்தது, பணமும் போனது.

'ஸ்டெர்வே டு ஹெவன்' கேஸ் இன்னும் பெரிசு. 'ஸ்பிரிட்' பேண்டின் 'டாரஸ்' என்ற இசைத் துண்டிலிருந்து அதன் தொடக்கத்தைச் சுட்டதாக 2014-ல் வழக்கு. ஜிம்மி பேஜே கோர்ட்டில் சாட்சி சொன்னார். 'அந்தப் பாட்டை இவர்கள் கேட்க வாய்ப்பு இருந்தது. ஆனால் சட்டப்படி காப்பி இல்லை' என்று 2016-ல் ஜூரி சொன்னது. மேல்முறையீடெல்லாம் முடிந்து 2020-ல் அதே தீர்ப்பு நிலைத்தது. படிப்படியாக இறங்கும் அந்த மாதிரி ஸ்வர வரிசை யாருக்கும் சொந்தமில்லை, பல நூறு வருஷமாகப் பொதுச் சொத்து. கேட்டுப் பார்த்தேன். எனக்கும் தீர்ப்பு சரி என்றே படுகிறது.

இன்னொன்று... டிக்ஸனை ஏமாற்றியது இங்கிலாந்துப் பையன்கள் மட்டும் இல்லை. ராயல்ட்டி ஒழுங்காக வரவில்லை என்று சொந்த நாட்டுப் பதிப்பு நிறுவனத்தின் மேலேயே 1970-களில் அவர் கேஸ் போட வேண்டியிருந்தது.

தீர்ப்பு!

எடுத்துப் பாடுவது தப்பே இல்லை. ஊர்க் கிணற்றில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் இறைக்கலாம். ஆனால், இறைத்தபிறகு கிணற்றுக்கு வேலி போட்டு, 'இது எங்க தாத்தா வெட்டினது' என்று போர்டு வைக்கக் கூடாது. லெட் ஸெப்லின் வைத்தது அந்த போர்டைத்தான். அவர்களுக்கு அந்தப் பேர் தேவையே இல்லை என்பதுதான் சோகம். டிக்ஸன் பேரைப் போட்டிருந்தாலும் அந்த கிடார், அந்தக் குரல், அந்த டிரம்ஸ் அவர்களுடையதுதான். ஒரு டெசிபல்கூடக் குறைந்திருக்காது.

ஆகவே, என் மார்க் ஷீட். வாசிப்பு, சத்தம், தைரியம்: சென்டம். அந்தப் புகழுக்கு நூறு சதவிகிதம் தகுதியானவர்கள். பாட்டு எழுதியவர்கள் என்ற புகழ்: அரியர். பிற்பாடு கிளியர் பண்ணினார்கள். ஆனால், பெரும்பாலும் கேஸ் போட்ட பிறகுதான். அண்ணா போஸ்டரைக் கிழிக்க வேண்டாம். பக்கத்தில் வில்லி டிக்ஸன் படம் ஒன்றையும் ஒட்டினால் போதும்.

இப்போ என் டர்ன்

போன செமஸ்டரில் எங்கள் டிபார்ட்மென்ட் சிம்போசியத்தில் என் லைன் ஃபாலோயர் ரோபோவுக்கு முதல் பரிசு. ஃபோட்டோ, சர்ட்டிஃபிகேட், ஆயிரம் ரூபாய், அம்மாவுக்கு போன் என்று ஒரே அமர்க்களம்.

உண்மை என்னவென்றால், போட்டிக்கு முதல் நாள் ராத்திரி வரை அந்த ரோபோ வளைவு வந்தாலே கறுப்புக் கோட்டை விட்டு சுவரில் போய் முட்டிக்கொண்டிருந்தது. விடியற்காலை மூணு மணி வரை உட்கார்ந்து கோடிங்கைத் திருத்தி எழுதியவன் என் ரூம்மேட். வேற டிபார்ட்மென்ட். என் பிரசன்டேஷனின் கடைசி ஸ்லைடில் பிரின்சிபால், ஹெச்.ஓ.டி., கைடு, அப்பா, அம்மா எல்லோருக்கும் நன்றி இருந்தது. அவன் பேர் மட்டும் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து அவன்தான் முதலில் கைதட்டினான்.

'டிசைன் என்னுது, மோட்டார் என்னுது, மேடையில பேசினது நான்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தக் கட்டுரைக்காக 'ஹோல் லாட்டா லவ்' கதையைப் படிக்கும்போதுதான், பேஜுக்காக நான் யோசித்துவைத்த சமாதானமும் அதேதான் என்று உறைத்தது.

போன திங்கட்கிழமை ஹெச்.ஓ.டி.யைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். திட்டினார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் அவன் பேரையும் சேர்க்கச் சொல்லி கையெழுத்துப் போட்டார். ஐந்நூறு ரூபாயை ரூம்மேட்டிடம் நீட்டினேன். 'பணத்தை நீயே வெச்சுக்கடா. பேர்ல இனிஷியல் தப்பா போட்டிருக்க, அதை மாத்து' என்றான்.

மாத்திட்டேன். வில்லி டிக்ஸனுக்கு 18 வருஷம் ஆச்சு. என் ரூம்மேட்டுக்கு ஒரு செமஸ்டர்.

சரி மக்களே, பக்கத்து ரூமில் லேப் ரெக்கார்டு காத்துக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை பார்த்து எழுதப்போறதில்லை, சொல்லிக்கொடுக்கச் சொல்லிக் கேட்கப்போறேன். அடுத்த வாரம் பார்ப்போம்!