வெஸ்ட்மின்ஸ்டரைக் கட்டியவர் யார்?

1834 அக்டோபர் 16 அன்று இலண்டன் நாடாளுமன்றக் கட்டடம் தீக்கு இரையாயிற்று. புதிய கட்டடத்திற்கான போட்டிக்கு வந்த 97 திட்டங்களுள் சார்லஸ் பாரியின் திட்டம் 1836-இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. அன்று தொட்டு 'இது பாரி கட்டியது' என்று சொல்லிச் செல்வதே வழக்கமாயிற்று. இவ்வழக்கை நாம் ஏற்பதற்கில்லை.

பாரியின் திறமையைக் குறைத்துரைப்பது நம் நோக்கமன்று. இரு அவைகளையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, நடுவே எண்கோண மண்டபம் அமைத்த அடிப்படைத் திட்டம் அவருடையதே. ஆயினும், போட்டிக்கான வரைபடங்களை அவருக்குத் தீட்டிக் கொடுத்தவரும், அரியணை முதல் தரை ஓடுகள் வரை உள்ளழகை வகுத்தவரும், மணிக்கூண்டுக்கு உருவம் தந்தவரும் அகஸ்டஸ் பியூஜின் அன்றோ? கத்தோலிக்கத் திருச்சபையைத் தழுவிய இவர், ராம்ஸ்கேட்டில் தமக்கென ஒரு வீடும், அதன் அருகே தம் பணத்தில் ஓர் ஆலயமும் எழுப்பினார். 1852-இல், சித்தம் கலங்கிய நிலையில், நாற்பதாம் வயதில் மறைந்தார். அதே ஆண்டில் பாரிக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

1867-இல் பியூஜினின் மகன் தந்தையின் உரிமைக்காக நூல் எழுதினார். பாரியின் மகன் அதற்கு மறுப்பு எழுதினார். பெருமை இந்தத் தந்தைக்கா, அந்தத் தந்தைக்கா என்பதே வழக்கு. கல் செதுக்கியவரைப் பற்றி அங்கே பேச்சில்லை.

அவர்களுக்கும் வரலாறு உண்டு. 1841 செப்டம்பரில் அக்கட்டடத்தின் கல்தச்சர்கள், மேற்பார்வையாளரின் கடுமையைப் பொறுக்காது வேலைநிறுத்தம் செய்தனர். அவரை நீக்குமாறு வேண்டினர். ஒப்பந்தக்காரர்களோ வேற்றாட்களைக் கொண்டு பணியைத் தொடர்ந்தனர்.

'கருத்தைத் தந்தவரே படைப்பாளி. மற்றவர் கூலிக்கு உழைத்தவர்' என்பார் உளர். பியூஜினின் நடைமுறையே இதற்கு மறுமொழி. உலோக வேலைக்கு ஹார்ட்மன், ஓட்டுக்கு மின்டன் எனக் கைவினைஞர் பட்டறைகளை நம்பியே அவர் வடிவங்களைப் படைத்தார். அந்தக் கைகள் இன்றேல் அவை தாளிலேயே தங்கியிருக்கும். தச்சர் மகன் என்று ஊரார் ஏளனம் செய்தவரை ஆண்டவராக ஏற்ற நாம், உளி பிடித்தவரைக் கணக்கில் கொள்ளாத வரலாற்றுக்குத் தலையசைக்கலாமா?

ஆகவே, 'கட்டியவர் யார்?' என்று நம்மைக் கேட்போர்க்குப் பாரியின் பெயரைச் சொல்வோம். பியூஜினின் பெயரையும் சொல்வோம். உளியைக் கீழே வைத்துவிட்டு நியாயம் கேட்ட கல்தச்சர்களையும் தவறாது சேர்த்துச் சொல்வோம்.