கண்ணுக்குத் தெரியாத கசிவு

கடப்பை மாவட்டத்துத் தும்மலப்பள்ளியில், யுரேனியம் பிரித்தபின் மிஞ்சும் சேற்றை அணைகட்டித் தேக்குகிறார்கள். நிலத்தடி நீர் கெட்டது, வாழை கருகியது என்று சுற்றுக் கிராமத்தார் பல ஆண்டுகளாக முறையிடுகிறார்கள். அவர்களிடம் சமாதானம் பேசிப் பயனில்லை. அளந்து காட்ட வேண்டும். அணைக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தையும் உப்பையும் ஒப்பிடலாம். அங்கே தாதுவைக் கரைப்பது சோடியம் கார்பனேட் என்பதால், யுரேனியத்தோடு சோடியமும் நல்ல துப்பு. கசிவு தெரிந்தால், பாறை வெடிப்பில் சிமெண்ட் பால் செலுத்தி அடைக்கலாம்; அடிவாரத்தில் வடிகால் வெட்டி, ஊறும் நீரைத் திருப்பி இறைக்கலாம். ஆனால் தேக்கத்தின் அடியில் களிமண்ணும் பாலித்தீன் விரிப்பும் தொடக்கத்திலேயே ஒழுங்காக இடுவதற்கு இவை எதுவும் ஈடாகாது. கிணற்று அளவுகளை மாதந்தோறும் ஊராட்சிப் பலகையில் தெலுங்கில் எழுதிப் போடட்டும்.