கீழ்முந்திரியும் பாடத் தேர்வும்

தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி என்பது 1/320. அதனை மீண்டும் 320 கூறிட்டதன் ஒரு கூறு கீழ்முந்திரி, அதாவது 1/1,02,400. இப்பேரெண் 320-இன் வருக்கம் என்பதே கருதத்தக்கது. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி ஆகியன யாவும் முந்திரியின் முழு மடங்குகள். ஆதலின், இவற்றுள் எவ்விரண்டைப் பெருக்கினும் விடை கீழ்முந்திரியின் முழு மடங்காகவே அமையும். 2, 5 என்பனவே இவ்வெண்ணின் பகாக் காரணிகளாதலின், மூன்றிலொரு கூறு இதனுள் அடங்காது.

எண்சுவடிப் பதிப்பில் பாடவேறுபாட்டை எழுத்து வடிவும் ஓசையும் கொண்டு மட்டும் தீர்த்தல் போதாது. காணியைக் காணியால் பெருக்கின் 16 கீழ்முந்திரி வருதல் வேண்டும். வேறு தொகை காட்டும் பாடம், எத்துணைப் பழைய ஏட்டினதாயினும், அடிக்குறிப்புக்கு உரியதேயன்றி மூலத்துக்கு உரியதன்று. கணக்கும் பதிப்பாசிரியருக்கு ஒரு சான்றே.