கூட இரண்டு மிளகு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

‘உடம்பு சூடு’ என்று நம் வகுப்பில் யாரேனும் சொன்னால், உடனே பின் பெஞ்சிலிருந்து ஒரு நண்பர், “எத்தனை டிகிரி?” என்பார். வகுப்பே சிரிக்கும். சிரிப்பதில் நியாயமும் உண்டு. நாக்கடியில் வெப்பமானியை வைத்தால் அது 98.4 என்றுதான் காட்டும். ஒரு பிடி வெந்தயத்தை மோரில் ஊறவைத்துத் தின்ற பின்பும் அதையேதான் காட்டும். ஆனால் அந்தக் கேள்வியோடு வழக்கு முடிந்தது என்று எண்ணி எழுந்து போய்விடுகிறோமே, அதுதான் எனக்கு உடன்பாடில்லை.

நான் சோமனூர்க்காரன். எங்கள் ஊரில் சூடு என்பது கருத்தன்று. பன்னிரண்டு மணி நேர வேலை. நூல் அறுந்துவிடும் என்று விசைத்தறிக் கூடங்களில் ஜன்னலைத் திறப்பது அரிது. மேலே தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த கூரை. உள்ளே மோட்டாரின் வெக்கை, பஞ்சுத் தூசி, நாடா அடிக்கும் ஓசை. காடாத் துணி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தறியை விட்டு அகல நேரமில்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்பவர்கள் உண்டு. என் தந்தையார் இந்த வேலையில்தான் என்னைப் படிக்க வைத்தார். நீர்க்கடுப்பு, கண்ணெரிச்சல், வாய்ப்புண், அடிவயிற்று வலி ஆகிய எல்லாவற்றுக்கும் எங்கள் வீதியில் ஒரே பெயர்தான்: ‘சூடு புடிச்சிருக்கு.’ மருத்துவர் இதற்கு நீரிழப்பு என்றும் சிறுநீர்த் தொற்று என்றும் தனித்தனியாகப் பெயர் சொல்வார். அவர் சொல்வதே சரி. எனினும், அவரிடம் போவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வைத்தியம் நடந்து முடிந்திருக்கும். அந்த வைத்தியத்தை உற்றுக் கவனித்தபோதுதான் இந்தக் கட்டுரைக்கான எண்ணம் தோன்றியது.

என் அம்மிச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் குளிர்ச்சி தரும் பொருள் எதையும் அவர் தனியாகக் கொடுத்து நான் பார்த்ததில்லை. “வெறும் சந்தனத்தெ ஒரசிக் குடுத்தா மாருல சளி கட்டிக்கும் கண்ணு. கூட ரண்டு மொளகு தட்டிப் போடோணும்” என்பார். இது அவர் ஒருவரின் வழக்கமும் அன்று. கோயில் திருவிழாவில் ஊற்றும் பானகத்தை எண்ணிப் பாருங்கள். வெயிலுக்குக் கொடுக்கும் பானத்தில் சுக்கு எதற்கு? நீர்மோரில் இஞ்சி எதற்கு? சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெயைக் காய்ச்சும்போது நாலு மிளகைப் போட்டு, அது வெடித்த பின்புதானே இறக்குகிறார்கள்? குளித்து முடித்து அரப்பின் குளுமை தலையில் இருக்கும்போதே மிளகு ரசம் தட்டுக்கு வந்துவிடும். கம்மங்கூழும் மோரும் குளிர்ச்சி என்றால், அதைக் கடித்துக் குடிக்கச் சின்ன வெங்காயம் கூடவே வருகிறது. இத்தனை இடத்திலும் ஒரே விதி ஓடுகிறது: குளிர்ந்ததை அனுப்பும்போது கூடவே சூடான ஒன்றைச் சிறிதளவு துணைக்கு அனுப்பு.

வீட்டு வழக்கம்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. சித்த மருத்துவ நூல்களில் ஒவ்வொரு மூலிகைக்கும் சுவை, தன்மை, பிரிவு என்று மூன்று குறிக்கப்படும். தன்மை என்பதுதான் வெப்பமா, தட்பமா என்னும் கேள்வி. மருந்தை எதில் குழைத்துக் கொடுப்பது என்பதற்கு அனுபானம் என்று தனிப் பெயரே உண்டு. 2012 இல் டெங்கு பரவியபோதும் பின்னர் 2017 இலும் அரசு மருத்துவமனைகளில் வரிசையில் நின்று நாம் குடித்த நிலவேம்புக் குடிநீரையே எடுத்துக்கொள்வோம். பெயர்தான் நிலவேம்பு. உள்ளே இருப்பவை ஒன்பது: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு. ஒன்பதும் சம அளவு. வெட்டிவேரும் விலாமிச்சையும் சந்தனமும் குளிர்ச்சிப் பக்கம். சுக்கும் மிளகும் நேர் எதிர்ப் பக்கம். அன்று அதைக் குடித்தவர்களும் எதிர்த்து வாதிட்டவர்களும் நிலவேம்பைப் பற்றியே பேசினார்கள். மற்ற எட்டுப் பேரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை!

சீனத்தாரும் இதே நிலவேம்பைச் ‘சுவான் சின் லியன்’ என்ற பெயரில் வழங்கி, அதைக் குளிர்ந்த மருந்துகளில் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய மருத்துவத்தில் மூலிகைகளை இணை சேர்ப்பது ஒரு தனிக் கலை. பழைய நூல்கள் மருந்துக்கும் மருந்துக்கும் உள்ள உறவை ஏழாக வகுத்திருக்கின்றன. ஒன்று மற்றொன்றுக்கு வலுவூட்டுவது, ஒன்று தலைமை தாங்க மற்றொன்று உதவுவது, ஒன்றின் நஞ்சை மற்றொன்று அடக்குவது, ஒன்றின் பயனை மற்றொன்று கெடுப்பது என்று அது போகும். அந்த ஏழில் ‘தனித்துச் செல்வது’ ஒன்றே ஒன்றுதான்! ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் சாங் சோங்சிங் என்னும் மருத்துவர் கடுங்காய்ச்சலுக்கு எழுதிய ‘வெண்புலிக் கஷாய’த்தில் ஜிப்சமும் ஒரு குளிர்ந்த கிழங்கும் இணைந்து வருகின்றன. அவற்றோடு அதிமதுரமும் ஒரு பிடி அரிசியும் சேர்க்க வேண்டும். அரிசி எதற்கு? அத்தனை குளிர்ச்சியை வயிறு தாங்க வேண்டுமே, அதற்கு. ‘சுவோ சின் வான்’ என்னும் உருண்டை இன்னும் சுவையானது. மிகக் குளிர்ந்ததும் கசப்பானதுமான வேர் ஆறு பங்கு, சூடான காய் ஒரு பங்கு. ஆறுக்கு ஒன்று என்று கணக்கு! அம்மிச்சியின் ‘ரண்டு மொளகு’ எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. சோமனூருக்கும் சீனத்துக்கும் கடிதப் போக்குவரத்து இருந்ததாக நான் சொல்லவில்லை. இரு நாட்டவரும் ஒரே இடத்தில் எச்சரிக்கையாக இருந்திருக்கிறார்கள் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது கடைவீதிக்கு வருவோம். வெந்தயப் பொடி, கற்றாழைச் சாறு, கீழாநெல்லிப் பொடி, நிலவேம்புப் பொடி என எல்லாம் பாக்கெட்டில் கிடைக்கின்றன. ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரே ஒரு மூலிகை. கைப்பேசியைத் திறந்தால் ‘இந்த ஒரு இலை போதும்’ என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். ஒரு இலை போதும் என்று எந்தப் பாட்டி சொன்னாள்? பாட்டியின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். பாட்டி சொன்னதில் பாதியை வீசிவிட்டார்கள். சரி, வியாபாரிக்கு இலாபம் முக்கியம். நாம் என்ன செய்கிறோம்? நம் வகுப்பில் தாவரத்தின் பெயர், குடும்பம், பயன்படும் பகுதி, அதிலுள்ள வேதிப்பொருள் என்று மனப்பாடம் செய்கிறோம். நிலவேம்பா? ஆண்ட்ரோகிராபோலைடு. மிளகா? பைப்பரின். மதிப்பெண் வந்துவிடும். வியாபாரி பாக்கெட்டில் செய்ததைத்தான் நாம் விடைத்தாளில் செய்கிறோம் என்பது என் தாழ்மையான கருத்து.

‘இரண்டு மிளகு சுவைக்காகப் போடுவது, அதில் என்ன அறிவியல்?’ என்று நண்பர்கள் கேட்கலாம். சில இடங்களில் அது சுவைக்காகவே இருக்கக்கூடும். ஆயினும் 1998 இல் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். மஞ்சளில் உள்ள குர்க்குமினை 2 கிராம் தனியே உண்டவர்களின் இரத்தத்தில் அது ஏறக்குறைய தென்படவே இல்லை. மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் கூடச் சேர்த்தபோது உடல் ஏற்றுக்கொண்ட அளவு 2000 சதவீதம் கூடியது. காரணம் மாயமன்று. அயற்பொருள்களை மாற்றி வெளியேற்றும் கல்லீரல், குடல் நொதிகளைப் பைப்பரின் தடுத்து நிறுத்துகிறது. கதவை மூடிவிட்டால் உள்ளே வந்தவர் தங்குவார் அல்லவா? இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. வலிப்பு நோய்க்கு உண்ணும் பெனிட்டாயின் போன்ற மருந்தும் அதே கதவுக்குள் தேங்கிவிடக்கூடும். ஆகவே எதோடு எதைச் சேர்ப்பது என்பதைப் போலவே எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பதும் பாடம்தான்.

இன்னொன்று. சீனத்தார் குளிர்ந்த மூலிகையாக வைத்திருந்த ‘சிங்ஹாவ்’ என்ற செடியிலிருந்துதான் தூ யூயூ அம்மையாரின் குழு 1972 இல் ஆர்டிமிசினினைப் பிரித்தெடுத்தது. மலேரியாவுக்கு அது அருமருந்து. 2015 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த அருமருந்தையும் தனியே விட முடியவில்லை. தனியே கொடுத்தால் ஒட்டுண்ணி பழகிக்கொள்ளும் என்பதால், 2006 இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தனி மாத்திரையாக விற்பதை நிறுத்தச் சொன்னது. இன்று வேறொரு மருந்தோடு இணைத்தே கொடுக்கிறார்கள். காரணம் வேறு, குளிர்ச்சி, சூடு என்ற பேச்சே அதில் இல்லை. இருந்தாலும் ‘தனியே அனுப்பாதே’ என்பது மூடப்பழக்கத்தின் அடையாளமல்ல என்று காட்ட அது போதும். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரையும் சொல்லலாம். 1971 இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகாலனபிஸ் அதைக் கொடுத்துத்தான் ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். குடலில் குளுக்கோஸ் கை கொடுத்தால்தான் சோடியம் விரைந்து உள்ளே போகும். அவ்விரண்டும் போகும் வழியே நீரும் போகும். தறி ஓட்டி வேர்த்து வந்தவருக்கு உண்மையில் வேண்டிய ‘குளிர்ச்சி’ இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உப்புப் போட்ட மோரும் கூழும் அந்த இடத்துக்கு ஓரளவு பக்கத்தில்தான் நிற்கின்றன.

மறுபக்கம், ‘முன்னோர் எல்லாம் அறிந்தே சொன்னார்கள், சோதனை எதற்கு?’ என்று மார்தட்டுவோரும் நம் கல்லூரியில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழாநெல்லியின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். 1988 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் அவர்களும், ஹெபடைடிஸ்-பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க் அவர்களும் இணைந்து ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடியை 30 நாள் உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் நீங்கியிருந்தது. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் நீங்கியது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் மீண்டும் கிடைக்கவில்லை. செடியின் இனமா, மண்ணா, பறித்த பருவமா? கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் நம் வரப்புகளில் முளைக்கின்றன என்பது நம் துறை மாணவர்களுக்குத் தெரியும். கேள்வி இன்னும் தீராத நிலையில், எங்கள் வீதியில் ஒருவர் மஞ்சள் காமாலைக்கு மூன்று வாரம் கீழாநெல்லி மட்டுமே குடித்தார். பித்தநாளத்தில் கல் அடைத்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தபோது அவர் எழுந்து நடக்க முடியாத நிலையில் இருந்தார். கல்லை எந்த இலை கரைக்கும்? அவருடைய குடும்பம் கட்டிய ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு தறி விற்றுப்போனது.

எனவே நான் கேட்பது நம்பிக்கையை அன்று, சோதனையை. பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. வெட்டிவேரைத் தனியே ஒரு பாத்திரத்திலும், சுக்கைத் தனியே மற்றொன்றிலும், இரண்டையும் சேர்த்து மூன்றாவதிலும் கொதிக்க வைப்போம். முதலிரண்டையும் பிறகு கலந்து, மூன்றாவதோடு ஒப்பிட்டு வேதியியல் துறையில் தின்லேயர் குரோமட்டோகிராபி ஓட்டிப் பார்ப்போம். சேர்த்துக் கொதித்ததில் புதிதாக ஏதேனும் புள்ளி வருகிறதா, ஏதேனும் மறைகிறதா? வராவிட்டால் வரவில்லை என்று எழுதுவோம். உடம்புக்குள் என்ன நடக்கும் என்பதை அது சொல்லாது. ஆனால் ‘சேர்த்து வடிக்க வேண்டும்’ என்ற சொல்லுக்குப் பாத்திரத்திலாவது பொருள் உண்டா என்று தெரியும்.

அதைவிட எளிதான ஒன்று இருக்கிறது. இதை நம் ஆசிரியப் பெருமக்களிடம் விண்ணப்பமாகவே வைக்கிறேன். ஊர்ப்புறம் சென்று மூலிகைத் தகவல் சேகரிக்க நமக்கு ஒரு படிவம் தருகிறீர்கள். ஊர்ப் பெயர், தாவரவியல் பெயர், குடும்பம், பகுதி, பயன் என்று ஐந்து கட்டங்கள். ஆறாவதாக ‘எதனுடன் சேர்த்து, எவ்வளவு’ என்று ஒரு கட்டம் போடுங்கள். இந்தக் கட்டம் இல்லாததால், அம்மிச்சி சொன்னதில் சந்தனம் மட்டுமே என் படிவத்தில் ஏறியது, மிளகுக்கு இடமில்லை. தறிக்குப் போகும் பெண்கள் இப்போது எண்ணெய் காய்ச்ச நேரமில்லாமல் பாக்கெட்டையே வாங்குகிறார்கள். என் அக்காவுக்கு மிளகுக் கணக்கு தெரியாது. கேட்க வேண்டியவர்கள் எழுபதும் எண்பதும் வயதானவர்கள்.

வருகிற கோடை விடுமுறையில் சோமனூர், கருமத்தம்பட்டிப் பக்கங்களில் இந்த ஆறாவது கட்டத்தைக் கையால் கோடு போட்டுக்கொண்டு நான் போகப் போகிறேன். உடன் வர விரும்பும் நண்பர்கள் தேர்வுக்கு முன்பே சொல்லிவிட்டால் நல்லது. கோவையிலிருந்து பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.